அழுக்கும் அழகும்

கையில் அடங்கும் எஞ்சின் ஒன்றைச் செய்து, அதற்கு வர்ணம் தீட்டி, தீட்டிய வர்ணத்தின் மேல் திட்டமிட்டு அழுக்கும் பூசுவது ஓர் ஆசிரியருக்கு ஏற்ற வேலைதானா என்று சக ஆசிரியர்கள் எம்மைக் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. மாதிரிப் புகையிரதம் என்றதும் ஓய்வும் பணமும் படைத்தோரின் பொழுதுபோக்கு என்ற எண்ணமே பலருக்கு எழுகின்றது. ஆயினும், கலையைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் வகுப்பறையில் நாம் சொல்லிவந்த சில கருத்துகள், இந்த வேலையில் ஈடுபட்ட பின்னரே எமக்குத் தெளிவாகப் புலப்பட்டன. அவற்றை வாசகர்முன் வைப்பதே எமது நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்திலே 1990களின் தொடக்கத்தில் பிறந்தவர்கள் நாம். 1905இல் காங்கேசன்துறையை எட்டிய வடபகுதிப் பாதையில், 1990இல் போரின் காரணமாக வவுனியாவுக்கு வடக்கே ஓட்டம் நின்றுபோயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 'கோச்சி' என்ற சொல்லைப் பாட்டிமார் வாயிலாகவே கேட்டறிந்தோம். சொல் இருந்தது, பொருள் இல்லை. 2014 ஒக்டோபர் 13ஆந் திகதி யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தபோது நாம் பல்கலைக்கழக மாணவராயிருந்தோம். ஏனைய ஊர்ப் பிள்ளைகள் ஐந்து வயதில் அடையும் வியப்பை இருபது வயதைக் கடந்து அடைந்த தலைமுறை எம்முடையது. அந்த வியப்பே எம்மை இவ்வேலைக்கு இழுத்து வந்தது.

மாதிரிக்கு நாம் தேர்ந்துகொண்டது 'எம்2' வகை டீசல் எஞ்சின். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய இவ்வகையின் முதல் எஞ்சின்கள் 1954இல் இலங்கைக்கு வந்தன. ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரிலே கட்டப்பட்ட அவற்றுக்குக் கனேடிய மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆசிய நாடுகள் பொதுவுடைமையின் பக்கம் சாய்ந்துவிடக் கூடாதென்ற கவலையும் அந்தக் கொடையிலே கலந்திருந்தது என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. கொடுத்தவரின் நோக்கம் எதுவாயினும், அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவற்றை ஓட்டியும் பழுது பார்த்தும் வந்தவர்கள் எமது நாட்டுத் தொழிலாளரே.

மாதிரி 87இல் ஒரு பங்கு அளவினது. முதற் சிக்கல் அங்கேயே தோன்றியது. எமது அகலப் பாதையின் தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீற்றர். 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரும். விற்பனையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர் கொண்டது. அது 1435 மில்லிமீற்றர் பாதையுடைய நாடுகளுக்காக அளக்கப்பட்டது. கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்காக இங்கு பாதை அமைத்த ஆங்கிலேயர், தமது நாட்டில் இட்டதைவிட அகலமான பாதையையே இங்கு இட்டனர். ஆகவே, விலைக்கு வாங்கிய தண்டவாளத்தில் எமது எஞ்சினை நிறுத்தினால், பருத்த உடம்புக்காரர் ஒடுங்கிய வாங்கில் அமர்ந்தது போலத் தோன்றும். அச்சுகளை நீட்டித் தண்டவாளத்தையும் நாமே அமைக்க வேண்டியதாயிற்று.

வர்ணம் தீட்டுவது பொறுமையைச் சோதிக்கும் தொழில். பிளாஸ்டிக் உடலைச் சவர்க்கார நீரில் கழுவி, விரற்பட்ட எண்ணெய்ப் பசையை அகற்றிய பின்னரே பிரைமர் பூச வேண்டும். அதன்மேல் வரும் வர்ணம் பால்போல நீர்த்திருத்தல் நன்று. ஒரே தடிப்பான பூச்சு ஆணித் தலைகளையும் காற்றுத் துவாரங்களின் சட்டங்களையும் மூடி மறைத்துவிடும். மெல்லிய பூச்சு மூன்று நான்கு இட்டால் அவை உயிரோடு நிற்கும். எஞ்சினின் உண்மையான வர்ணத்தை அப்படியே மாதிரிக்குப் பூசினால் அது கறுத்துத் தோன்றும் என்பது இத்தொழில் அறிந்தோர் அனுபவம். சிறிய பொருளில் நிறம் செறிந்து தெரிவதால் சிறிது வெண்மை கலந்துகொள்கின்றனர். தூய கறுப்பையும் அவர்கள் விலக்குவர். கறுப்பு வேண்டிய இடத்தில் கடுஞ்சாம்பல் நிறமே போதும்.

இவ்வளவும் முடிந்ததும் எஞ்சின் பளபளவென்று நிற்கும். பலர் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். ஆனால் அது விற்பனையாளரின் விளம்பரப் படத்தில் உள்ள எஞ்சின். ஒரு மைல்கூட ஓடாத எஞ்சின். அதன்மேல் வெயிலையும் மழையையும் வேலையையும் ஏற்றுவதைத்தான் ஆங்கிலேயர் 'வெதரிங்' என்பர்.

இதற்கு வேண்டிய பொருள்கள் எளியவை: தின்னரில் நன்கு நீர்த்த மண்ணிற வர்ணம், அலகினாற் சுரண்டிப் பொடியாக்கிய நிற வெண்கட்டி, தேய்ந்த தூரிகை, ஈற்றில் மினுக்கமற்ற வார்னிஷ். பொருளைவிட முக்கியமானது காரணம். கூரையில் புகைபோக்கியைச் சுற்றிக் கரி படியும். எஞ்சின் ஓடும்போது காற்று அதனைப் பின்னோக்கி இழுக்கும். பக்கங்களில் மழைநீர் மேலிருந்து கீழாகக் கோடிடும். குறுக்கே ஒருபோதும் இடாது. தடைக் கட்டைகள் சில்லோடு உராய்வதால் எழும் இரும்புத்தூள் அடிப்பாகம் முழுவதையும் செம்மண்ணிறமாக்கும். எரிபொருள் ஊற்றும் வாயின் கீழே எண்ணெய் வழிந்து கறுத்து மினுங்கும். சாரதி ஏறியிறங்கும் படியிலும் அவர் பற்றும் கைப்பிடியிலும் வர்ணம் தேய்ந்து உலோகம் வெளிப்படும். அங்கே நாம் பூசுவது அழுக்கன்று. பல்லாண்டு காலம் பல கைகள் பற்றியதால் வந்த மெருகினையே அங்கு காட்ட வேண்டும்.

எமது மாணவன் ஒருவன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சேர், சில்லெல்லாம் இன்னுங் கொஞ்சம் துருப் பூசினா நல்ல வடிவாயிருக்கும்" என்றான். "ஸ்டேஷனுக்குப் போய் ஒருக்கால் சில்லைப் பார்த்திட்டு வா" என்றோம். அடுத்த வாரம் வந்தான். "சேர், சில்லு மற்ற இடமெல்லாம் மண்ணிறம்தான். ஆனா தண்டவாளத்திலை படுற இடம் கண்ணாடி மாதிரி மின்னுது" என்றான். ஏன் என்று கேட்டோம். சற்று யோசித்து, "ஓடிக்கொண்டிருக்கிறபடியால்" என்றான்.

அவன் கண்டது சிறு உண்மையன்று. ஓடும் எஞ்சினுக்கும் கைவிடப்பட்ட எஞ்சினுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒளிரும் விளிம்பில் இருக்கின்றது. அதன்மீது துருவை அப்பினால் படம் அழகாயிருக்கக்கூடும். ஆனால் அது செத்த எஞ்சினின் படம். வேலையால் வரும் அழுக்கும் வேலையின்மையால் வரும் துருவும் ஒன்றல்ல. எமது ஊரில் இந்த வேறுபாட்டைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் புகையிரதம் வராதிருந்த நிலையத்தின் சிதைந்த சுவர்களைப் பார்த்து வளர்ந்தோம். அந்தச் சிதைவிலே பயணிகள் சிலர் புகைப்படத்துக்குரிய அழகைக் கண்டனர். அங்கே வேலையிழந்த சுமைகாரரையும், வவுனியாவரை வேறு வழிகளில் அலைந்த நோயாளரையும் அந்தப் புகைப்படங்கள் காட்டவில்லை.

இலக்கியத்திலும் இதே பிரச்சினை உண்டு. 1960களில், உழைக்கும் மக்களின் பேச்சு மொழியைத் தமது கதைகளில் எழுதிய ஈழத்து முற்போக்கு எழுத்தாளரை நோக்கி 'இழிசினர் வழக்கு' என்ற ஏளனம் எழுந்தது. அழுக்கு இலக்கியத்துள் வரலாகாது என்பதே அந்த ஏளனத்தின் சாரம். அதற்கு அன்று தக்க பதில் கூறப்பட்டது. இன்று எதிர்ப்பக்கத்திலும் ஓர் ஆபத்து நிற்கின்றது. சேரியையும் குடிசையையும் கிழிந்த சேலையையும் பக்கம் பக்கமாக அடுக்கிவிட்டு, அதுவே யதார்த்தம் என்று சொல்லுவோர் உளர். கறையைக் கண்டபடியெல்லாம் அப்புவது இயற்பண்புவாதம். எந்தக் கறை எதனால், எவர் உழைப்பால், எவர் அலட்சியத்தால் வந்தது என்று அறிந்து இடுவதே யதார்த்தவாதம். முன்னையது பார்ப்பவனை இரங்க வைத்து அனுப்பிவிடும். பின்னையது அவனைக் கேள்வி கேட்க வைக்கும்.

ஆயினும் எமது தூரிகையால் காட்ட முடியாதவையும் உள்ளன. 'மனிற்றோபா' என்று பெயர் பெற்ற 591ஆம் இலக்க எம்2 எஞ்சின், 2004 டிசம்பர் 26ஆந் திகதி பெரலியவில் ஆழிப்பேரலையில் சிக்கிய புகையிரதத்தை இழுத்துச் சென்றது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த எஞ்சின் பின்னர் திருத்தப்பட்டு, புது வர்ணம் பெற்று, மீண்டும் ஓடியது. அதன் மாதிரியைச் செய்பவர் எத்தனை கறை இட்டாலும் அந்த நாளைக் காட்டிவிட முடியாது. அவ்வாறே, 1980 யூலைப் பொது வேலைநிறுத்தத்தின் பின் வேலை பறிக்கப்பட்ட புகையிரதத் தொழிலாளரின் அடையாளமும் எந்த எஞ்சினின் உடலிலும் இல்லை. அவர்கள் கழுவித் துடைத்த எஞ்சின்கள் மறுவாரம் பிறர் கைகளில் ஓடின. பொருளின் மேற்பரப்பு பல செய்திகளைச் சொல்லும், எல்லாவற்றையும் சொல்லாது. எஞ்சியதை வரலாற்று நூல்களிலும், முதியவர்களின் வாய்மொழியிலும் தேட வேண்டியிருக்கின்றது. எஞ்சினைக் காட்டிய கையோடு இதனையும் மாணவருக்குச் சொல்லுவது ஆசிரியரின் கடமை என்றே கருதுகின்றோம்.

மாதிரி இப்பொழுது எமது வகுப்பறை அலுமாரியின் மேல் நிற்கின்றது. அதனைப் பார்க்கும் பிள்ளைகள் முன்பு "என்ன விலை?" என்று கேட்டனர். இப்பொழுது "இதை ஆர் கழுவுறது? எத்தனை நாளைக்கு ஒருக்கால்?" என்று கேட்கின்றனர். இந்த மாற்றத்தை வேண்டி எல்லா ஆசிரியரும் எஞ்சின் செய்ய வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஒவ்வோர் ஊரிலும் பலர் கையாண்டு தேய்ந்த பொருள்கள் உண்டு: கரையில் ஏற்றிய வள்ளம், தந்தையின் துவிச்சக்கரவண்டி, தோட்டத்து மண்வெட்டி, நெசவுத் தறி. அவற்றுள் ஒன்றை மாணவர்முன் வைத்து, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே மின்னுகிறது, எங்கே துருப்பிடித்திருக்கிறது, ஏன் என்று எழுதச் சொல்லிப் பார்க்கலாம். வழக்கமான கட்டுரைப் பயிற்சிகளில் காணாத செய்திகள் அந்தக் கொப்பிகளில் வந்து சேரும் என்பது எமது அனுபவம்.