கிணற்றுக் கயிறு

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி நிலாவெளிக் கரையை அழித்துச் சென்றபின், ஊருக்குள் உதவிப் பணம் வரத் தொடங்கிற்று. முற்றாக இடிந்த வீட்டுக்கு 250,000 ரூபாய். அதுவும் நான்கு தவணைகளில். அத்திவாரம் எழுந்ததை அதிகாரி வந்து பார்த்தால்தான் அடுத்த தவணை கிடைக்கும். அந்த முறையை அன்று நான் வாய் நிறைய வைதேன். ஆயினும், தத்தம் வீடாகையால், சீமெந்து மூடைகளை எண்ணி எண்ணியே செலவிட்டோம்.

பொதுக் காரியத்தில் அந்தக் கவனம் எங்கே போயிற்றோ! எங்கள் ஒழுங்கையில் ஒரு நிறுவனத்தார் அழகிய பொதுக் கிணறு கட்டித் தந்தனர். திறப்பு விழாவில் மாலை, பேச்சு, தேநீர் எல்லாம் உண்டு. ஓராண்டில் கயிறு அறுந்தது. "அவர்கள் வருவார்கள்" என்று காத்திருந்தோம். அவர்களோ பணி முடித்துப் போய்விட்டனர். ஆறு மாதம் எங்கள் பெண்கள் அயல் வளவுக்குக் குடம் சுமந்தனர். ஒரு கயிற்றின் விலைதான் என்ன?

கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு மூதாட்டி எழுந்தார். "தம்பிமார், கிணறு ஆற்றை?" என்று மட்டும் கேட்டு அமர்ந்துவிட்டார். அன்றே வீட்டுக்கு 20 ரூபாய் சேர்த்தோம். அதற்கென ஒரு கொப்பியும் போட்டோம். அதன் முதற் செலவு, கிணற்றுக் கயிறு.

2018இல் 'கம்பெரலிய' திட்டத்தின் கீழ் நாடெங்கும் கிராம வீதிகளுக்குப் பணம் ஒதுக்கப்பட்டபோது, எங்கள் கூட்டத்தில் அந்தக் கொப்பிதான் முதலில் மேசைக்கு வந்தது. எந்த ஒழுங்கைக்குக் கொங்கிறீற்று என்று வாதாடுமுன், மாரிக்குப்பின் வடிகாலில் அடையும் மணலை யார் அள்ளுவது என்று எழுதிக்கொண்டோம். முதற் பெயர் என்னுடையது.