நானுஓயாவில் தங்கை வீட்டுப் பின்திண்ணை

உங்கள் குசினி மூலையில் வேலைக்கு உதவாமல் கிடக்கும் சாமான்களை ஒருநாள் எண்ணிப் பார்த்ததுண்டா? கருகிப்போன கேத்தல், பிடி கழன்ற பிரஷர் குக்கர், சுற்றாத பிளெண்டர், விளக்கு எரிந்தும் சூடேறாத ரைஸ் குக்கர். பழைய இரும்பு வாங்க வருகிறவர் தெருவில் குரல் கொடுத்ததும் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அவர் தரும் காசை எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை. இடம் காலியானால் போதும் நமக்கு! அந்தச் சாக்கு அதற்குப் பிறகு எங்கே போகிறது? நானும் நெடுநாள் இதை நினைத்துப் பார்க்காமல்தான் இருந்தேன், நானுஓயாவில் என் தங்கை வீட்டுக்குப் போகும்வரை.

2023 ஆகஸ்டில் கண்டியிலிருந்து புகைவண்டியில் போனேன். நாலு மணி நேரத்துக்குக் குறையாத பிரயாணம். ஹட்டன், தலவாக்கலை, வட்டகொடை, கிரேட்வெஸ்டன், ராதல்ல என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். இரு பக்கமும் தேயிலை. நானுஓயா நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,300 அடி உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் இறங்குகிறார்கள். இறங்கியதும் வேன் பிடித்து மேலே ஏறிவிடுவதால் நானுஓயாவை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒரு கடைத்தெரு, பள்ளிவாசல், கோவில், பனிமூட்டம், தூறல், தோட்டத்திலிருந்து கொழுந்து ஏற்றி வரும் லொறிகள். அவ்வளவுதான் ஊர்.

ஆனால் ஒரு காலத்தில் இங்கிருந்து இன்னொரு சின்ன ரயில் பாதையும் கிளம்பியது. இரண்டரை அடி அகலமே உள்ள குறுகிய பாதை அது. 1903இல் ஓடத் தொடங்கி, நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை போய், தேயிலையையும் ஆட்களையும் சுமந்தது. மோட்டார் லொறிகள் வந்த பிறகு வருமானம் விழுந்தது. 1940இல் பயணிகள் வண்டி நின்றது. 1948இல் பாதையையே மூடி, தண்டவாளங்களைப் பிடுங்கிவிட்டார்கள். பழைய சாமான் பிரித்தெடுக்கும் தொழில் இந்த ஊருக்குப் புதிதல்ல என்று தங்கையின் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவருக்குப் பழைய இரும்பு யாவாரம். முன்பக்கம் கடை. தொங்கு தராசு, சாக்குகள், மழையில் துருப்பிடித்த தகரக் குவியல். வாங்குவதும் நிறுப்பதும் அவர் பொறுப்பு. பிரித்தெடுப்பது? அது வீட்டின் பின்திண்ணையில் நடக்கிறது. செய்கிறவள் என் தங்கை! பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சமையலை முடித்துவிட்டு, திருப்புளி, குறடு, சுத்தியல், உளி, ஒரு துண்டுக் காந்தம் ஆகியவற்றோடு பலகையில் உட்கார்ந்துவிடுகிறாள். கடையின் பெயர்ப் பலகையில் அவள் இல்லை. யாவாரத்தின் லாபமோ அவளுடைய கையில்தான் இருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? ஒரு ரைஸ் குக்கரை அப்படியே தூக்கித் தராசில் வைத்தால் அது தகர விலைக்குத்தான் போகும். பிரித்தால் உள்ளே இருக்கும் பானையும் சூடேற்றும் தட்டும் அலுமினியம், ஒயர் செம்பு, இணைப்பு முனைகள் பித்தளை. உலகச் சந்தையில் 2023இல் ஒரு தொன் செம்பு சுமார் 8,500 டொலர். அலுமினியம் சுமார் 2,250. இரும்புக் கழிவு அலுமினியத்துக்கும் வெகு கீழே. நானுஓயா விலைக்கும் கொழும்பு விலைக்கும் வித்தியாசம் இருக்கலாம், ஆனால் இந்த வரிசை எங்கேயும் மாறாது. ஆகவேதான் காந்தம். ஒட்டினால் இரும்பு அல்லது தகரம், ஒட்டாமல் லேசாக இருந்தால் அலுமினியம். நல்ல ரக எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் கனம் காட்டிக்கொடுக்கும். மோட்டாரின் கம்பி செம்பு நிறமாக இருந்தாலும் நம்பிவிடக்கூடாது. பிளேடால் ஓரிடத்தில் சுரண்ட வேண்டும். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது நிறம் பூசிய அலுமினியம்.

ரைஸ் குக்கரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு சின்ன வட்டத்தைக் காட்டினாள். "ராத்தா, சோறு வெந்ததும் இது எப்படித் தானா நிக்குதுண்டு தெரியுமா?" என்று கேட்டாள். இத்தனை வருடம் சோறாக்கும் எனக்குத் தெரியாது! அதற்குள் ஒரு காந்தம் இருக்கிறது. பானையில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் மெல்ல ஏறுகிறது. இரண்டு மூன்று பாகை ஏறியதும் காந்தத்தை எதிர்கொள்ளும் அந்த உலோகம் தன் காந்தத் தன்மையை இழந்துவிடுகிறது. உடனே ஸ்பிரிங் தள்ளிவிட, சுவிட்ச் டக்கென்று விழுகிறது. அவ்வளவுதான் அதன் சூட்சுமம். பெரும்பாலான குக்கர்கள் 'செத்துப்போவது' உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஃபியூஸ் எரிவதால்தான். சில ரூபாய்ப் பொருள். அதே அளவு ஃபியூஸை மாற்றினால் குக்கர் பிழைத்துக்கொள்ளும். ஃபியூஸுக்குப் பதில் வெறும் கம்பியை முறுக்கிவிடுகிற கைகாரர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள் சகோதரியே, சூடு மிஞ்சினால் மின்சாரத்தை வெட்ட அங்கே வேறு எதுவுமில்லை.

2022இல் இலங்கை ரூபாய் சரிந்து, புதுச் சாமான் விலை எட்டாமல் போனபோது இந்தத் திண்ணைக்குப் பெரிய கிராக்கி வந்ததாம். குக்கர் மூடிப் பிடி, கேத்தல் மூடி, பிளெண்டரின் அடிப்பல், ஒயர், பிளக் என்று கேட்டு வந்தவர்கள் ஏராளம். அதன்பிறகு தங்கை உதிரிப் பாகங்களை பால்மா டின்களில் பிரித்துவைக்கத் தொடங்கியிருக்கிறாள். நிறுத்து விற்பதைவிட அதில்தான் காசு என்கிறாள்.

நான் இருந்த இரண்டாம் நாள், பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். உரச் சாக்கில் ஒரு பிளெண்டரும், செங்கல் கனத்தில் ஒரு பெட்டியும்.

"நானா, இத எடுத்துக்கிட்டு பாத்துக் குடுங்க. சவூதியில ரெண்டு வருஷம் நின்னு கொண்டாந்தது. பெட்டி சும்மா கனம், தூக்கிப் போட்டுருங்க" என்றார்.

அந்தத் தலைமுறைப் பெண்கள் எத்தனை பேர், முஸ்லிம் வீடுகளிலும் லயங்களிலும் இருந்து, அப்படிப் போய் வந்தார்கள்! திரும்பி வரும்போது கைநிறையக் குசினிச் சாமான் கொண்டுவந்தார்கள். அப்போது சவூதியின் வீடுகளில் பெரும்பாலும் 127 வோல்ட் மின்சாரம். நமக்கு 230. நேராகச் செருகினால் மூன்று மடங்குக்கு மேல் சூடு பாய்ந்து முதல் நாளே கருகிவிடும். விவரம் தெரிந்தவர்கள் மின்சாரத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் பெட்டி ஒன்றையும் சேர்த்து வாங்கினார்கள். இந்த அம்மாவும் வாங்கியிருக்கிறார். பிளெண்டரில் தேங்காய்ச் சம்பலுக்கு அரைத்தே மகள்மாரைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்.

மாப்பிள்ளை பெட்டியைத் திறந்தார். உள்ளே அடுக்கடுக்காக இரும்புத் தகடு, நடுவில் கெட்டியான செம்புச் சுருள். சுரண்டிப் பார்த்தார், உள்ளும் சிவப்பு. "அம்மா, தூக்கிப் போடச் சொன்ன பெட்டியிலதான் காசு இருக்கு" என்றார். சுருளைப் பிரித்து அந்த அம்மாவின் கண்முன்னே நிறுத்துக் கொடுத்தார். அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய். இரண்டு நாள் கூலிக்கு மேலேயே கிடைத்தது. அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பிறகு பிளெண்டரின் கண்ணாடிக் கூசாவை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். சீனி போட்டுவைக்கவாம்.

பெட்டியைப் பெட்டியாகவே இரும்பு விலைக்கு வாங்கியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அளவை நிறுவையில் மோசம் செய்வதை மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டித்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். இந்தத் தொழிலில் தராசு சரியாக இருந்தும் மோசம் நடக்கலாம். விற்கிறவளுக்குத் தன் கையிலிருப்பது என்னவென்று தெரியாததே போதும்.

இதுவரை எல்லாம் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அஸருக்குப் பிறகு பின்வளவில் புகை. எட்டிப் பார்த்தால் தங்கை ஒயர்களைக் குவித்துத் தீ மூட்டியிருக்கிறாள். கரும்புகை, மூக்கைப் பிய்க்கும் நெடி. அவள் சின்ன மகன் குச்சியால் நெருப்பைக் கிளறிக்கொண்டு நிற்கிறான்.

"கத்தியால சீவினா கை விட்டுப்போகும் ராத்தா. இப்பிடிப் போட்டா பத்து நிமிஷத்துல செம்பு தனியா வந்துரும்" என்றாள். பிள்ளை இருமுகிறானே என்றேன். மலைநாட்டுக் குளிரில் எந்தப் பிள்ளைதான் இருமவில்லை என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒயரின் மேலுறை பிவிசி. அதில் குளோரின் இருக்கிறது. எரித்தால் நெஞ்சை அரிக்கும் அமில வாயுவும், டயொக்சின் என்ற நஞ்சும் கிளம்பும். டயொக்சின் புகையோடு போய்விடுவதில்லை. புல்லிலும் மண்ணிலும் படிந்து, அதை மேயும் மாட்டின் பாலுக்கும், கிளறித் தின்னும் கோழியின் முட்டைக்கும் வருகிறது. நம் உடம்புக் கொழுப்பில் வருடக்கணக்கில் தங்கி, தாய்ப்பாலிலும் போகிறது. வளவில் நாலு கோழி வேறு. இத்தனையும் சொன்னேன். தங்கை பேசாமல் கேட்டாள், தீயை அணைக்கவில்லை.

அவளை அசைத்தது வேறு. இரவுச் சாப்பாட்டில் மாப்பிள்ளை, எரித்த செம்பு கறுத்துப்போவதால் கொழும்பில் தரம் குறைத்துத்தான் எடுக்கிறார்கள், உறை சீவிய பளபளப்பான செம்புக்குக் கூடுதல் விலை என்று போகிற போக்கில் சொன்னார். "இத ஏன் எனக்கு முந்தியே சொல்லல்ல?" என்று அவள் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதிலில்லை! மறுநாள் காலையில் அவரே ஒரு பலகையில் காடி வெட்டி, அதன்மேல் பிளேடைச் சாய்த்து இறுக்கிக் கொடுத்தார். காடியில் ஒயரை விட்டு மறுபக்கம் இழுத்தால் உறை நீளவாக்கில் பிளந்துவிடுகிறது. மெல்லிய ஒயருக்கு இது சரிவராது. அவற்றை உறையோடேயே குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவதாக முடிவாயிற்று.

மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் அவள் தொடமாட்டாள். அதில் சரியாகவே இருக்கிறாள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள்ளே ஒரு கொள்கலம் சுமார் இரண்டாயிரம் வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். தெரியாமல் தொட்டால் உயிரே போகலாம். பழைய பிரிட்ஜும் வீட்டில் உடைக்கக்கூடியதல்ல. தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை வந்தவற்றில் ஓசோனைக் கெடுக்கும் வாயு இருக்கும், 1987இல் மொன்றியலில் கைச்சாத்தான உடன்படிக்கை ஒழிக்க முனைந்தது அதைத்தான். புதியவை பலவற்றில் தீப்பற்றும் வாயு. நானுஓயாவின் குளிருக்குப் பிரிட்ஜ் அலமாரிதானே என்று தங்கை கேலி செய்தாலும், வந்துவிழுவது என்னவோ விழுகிறது. இப்படியானவற்றை மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைப்பதே முறை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உருக்கிய அலுமினியம் சில ஊர்களில் சட்டியாகத் திரும்பி வருகிறது. கமரூனில் பழைய எஞ்சின் பாகங்களையும் கண்ட கழிவுகளையும் சேர்த்து உருக்கி வார்த்த சட்டிகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். அதில் சமைத்தால் ஈயம் உணவில் இறங்கியது. 2017இல் இந்தியா உட்பட பத்து நாடுகளின் அலுமினியப் பாத்திரங்களைப் பார்த்தபோதும் பலவற்றில் அதே கதை. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சொரசொரப்பாக, கனமாக, தயாரித்தவர் பெயரில்லாமல் வார்த்த அலுமினியச் சட்டி மலிவாகக் கிடைத்தால், புளி சேர்த்து அதில் மீன் ஆணம் வைக்காதீர்கள்.

புறப்படும் நாள் காலையில் தங்கை பால்மா டின் ஒன்றைக் கவிழ்த்துத் தேடினாள். என் பிரஷர் குக்கர் மூடியின் பிடி வெடித்து ஒரு வருடமாகத் துணி சுற்றித் திறக்கிறேன் என்று முதல்நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். மூன்று பிடிகளைப் பொறுக்கி, "எதுக்கும் மூண்டையும் கொண்டு போங்க ராத்தா, ஒண்டாவது பொருந்தும்" என்று பையில் வைத்தாள். மாப்பிள்ளை நிலையம்வரை வந்து வழியனுப்பினார். பின்வளவில் சின்னவன் பலகைக் காடியில் ஒயரை விட்டு இழுத்துக்கொண்டிருந்தான். அவனைப் பிளேடுப் பக்கம் விடவேண்டாம் என்று சொல்ல மறந்து வந்துவிட்டேன். கண்டிக்கு வந்து தொலைபேசியில் அதைத்தான் முதலில் சொன்னேன். இரண்டாவது பிடி பொருந்தியது.