மீட்டர் சொன்ன 180

ஆர்.எம்.எஸ். ஃபார்முலாவை எழுதி ரெண்டு மார்க் வாங்கியிருப்பீங்க. அது வெளியில எதுக்கு உதவும்னு கேட்டா, நம்மில் பல பேர் முழிப்போம். எனக்கு அது ஒரு கேரவனுக்குள்ள உதவிச்சு.

என் மாமா ஷூட்டிங்குக்கு வாடகைக்குப் போற கேரவன் ஒண்ணு வெச்சிருக்கார். வண்டிக் கடன் இன்னும் முடியல. ஜெனரேட்டர் ஓடாத நேரத்துல லைட், ஃபேன், டிவி எல்லாத்துக்கும் பேட்டரியும் இன்வெர்ட்டரும்தான். வயரிங் பார்க்க வந்தவர் பிளக் பாயின்டில் மல்டிமீட்டரை வெச்சார். 180 வோல்ட்! "இன்வெர்ட்டர் போச்சு, புதுசு வாங்குங்க. இல்லேன்னா உள்ள இருக்கிற ப்ரீசெட்டைத் திருகி 230-க்கு ஏத்திடலாம்" என்றாராம்.

புதுசு வாங்கக் காசு இல்லை. திருகுறதுக்குச் செலவே இல்லை. மாமா மனசு எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கும்னு உங்களுக்கே தெரியும். நல்லவேளை, திருகுறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணினார். "மாப்ள, நீ ட்ரிபிள் ஈ தானே, என்ன பண்ணலாம்?"

இனி கணக்கு. சாதாரண மல்டிமீட்டர் ஆர்.எம்.எஸ்.ஸை நேரடியா அளக்காது. அலையை நேராக்கி, சராசரி எடுத்து, அதை 1.11 ஆல் பெருக்கிக் காட்டும். அந்த 1.11 சைன் அலைக்கு மட்டும்தான் பொருந்தும். மாமாவோட இன்வெர்ட்டர் மாடிஃபைடு சைன் வேவ் வகை. +325, பூஜ்யம், −325, பூஜ்யம்னு படிப்படியா தாவும். பாதி நேரம் 325, பாதி நேரம் பூஜ்யம்னு வெச்சுக்குங்க. ஆர்.எம்.எஸ். என்பது 325 × √0.5, அதாவது 230. சராசரியோ 162.5 தான். அதை 1.11 ஆல் பெருக்கினா? 180!

சதுர அலை இன்வெர்ட்டரா இருந்தா கதை தலைகீழ். உண்மையில் 230 இருக்கும், மீட்டர் 255 காட்டும்.

ப்ரீசெட்டைத் திருகியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அது பல்ஸின் அகலத்தைக் கூட்டும். அந்த மீட்டரில் 230 வர வெச்சா, உண்மையில் போறது ஏறக்குறைய 260. பழுதே இல்லாத வண்டியில டிவிக்கும் சார்ஜருக்கும் நாமே ஆபத்தைத் தேடிக் கொடுத்த மாதிரி.

அன்னைக்கு ராத்திரி ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் கையில இல்லை. ஒரே மாதிரி ரெண்டு 60 வாட் குண்டு பல்பு வாங்கினோம். ஒண்ணை வீட்டு கரண்டிலும் இன்னொண்ணை வண்டியிலும் போட்டுப் பார்த்தோம். ரெண்டும் ஒரே வெளிச்சம். பல்பு இழைக்குச் சராசரி தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும். ஆர்.எம்.எஸ். என்பதே சூட்டின் கணக்குதானே! நிஜமாவே 180 வந்திருந்தா வெளிச்சம் பாதிக்கும் கீழே போயிருக்கும். அடுத்த வாரம் லேப்ல அனுமதி கேட்டு ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் எடுத்துட்டுப் போய் அளந்தேன். 228.

நீங்களும் அளக்கப் போறீங்கன்னா, "பேட்டரி கரண்ட்தானே"ன்னு அலட்சியம் வேண்டாம். உச்சத்துல 325 வோல்ட், ஆளைக் கொல்லும். சிவப்பு ப்ரோப் ஆம்பியர் ஓட்டையில இல்லாம வோல்ட் ஓட்டையில இருக்கா, ரேஞ்ச் ஏ.சி.யில இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க.

அப்புறம் உங்க மீட்டர் முகப்பைப் பாருங்க. 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.'னு எழுதலைன்னா, எதிரே இருக்கிறது சைன் அலைன்னு நம்பித்தான் அது பேசும். இன்வெர்ட்டரைக் குப்பையில போடுறதுக்கு முன்னாடி அந்த நம்பிக்கை சரியான்னு கேளுங்க. ரெண்டு மார்க் கேள்விதான். மாமாவுக்கு ஒரு இன்வெர்ட்டர் மிச்சம்.