சராசரி காட்டாத செக்கன்

துப்பாக்கியால் சுட்டு விளையாடும் கணனி விளையாட்டுக்கள் ஏராளம். அவற்றுள் பலவற்றைக் கைக்குள் அடங்கும் சாதனத்தில் விளையாடுவதில் இன்று பெரிய சிக்கல் எதுவும் இல்லை. கதையோடு நகரும் விளையாட்டென்றால் படம் ஒரு கணம் திக்கினாலும் குடி முழுகிவிடாது. எதிரியை இயக்குவதும் அதே கருவிதான். கருவி திக்கினால் எதிரியும் சேர்ந்து திக்குவான். எதிரே இருப்பவர் இன்னொரு நாட்டில், இன்னொரு கணனிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர் என்றால் கணக்கு மாறிவிடுகிறது. 'கவுண்டர் ஸ்ட்ரைக் 2' என்ற விளையாட்டை 'ஸ்டீம் டெக்' என்ற கைச்சாதனத்தில் போட்டிக்குரிய முறையில் விளையாட முடியுமா என்ற விவாதம் எங்கள் வீட்டில் சில வாரங்கள் ஓடியது.

விவாதத்துக்குக் காரணம் என் தங்கையின் மகன். 19 வயது. மலேசியாவில் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கிறது. இருவர் பகிரும் விடுதி அறையில் தங்கப் போகிறான். அவனுடைய மேசைக்கணனியை விமானத்தில் கொண்டுபோக முடியாது. நான்கு நண்பர்களுடன் சேர்ந்து ஐவர் அணியாக இரண்டு வருடங்கள் விளையாடி வந்தவன். "அணியை விட்டிட்டுப் போகேலாது மாமா" என்றான். மேசைக்கணனியை விற்றுவிட்டு ஸ்டீம் டெக் வாங்குவது அவனது திட்டம். விற்ற பணம் போதாது. மீதி என் தலையில். ஆகவே எனக்கும் இதில் அக்கறை பிறந்தது.

கவுண்டர் ஸ்ட்ரைக் புதிய சரக்கல்ல. 1999 இல் 'ஹாஃப் லைஃப்' என்ற விளையாட்டின் மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் கட்டிய மாற்று வடிவமாகப் பிறந்தது. மறு வருடமே வால்வ் நிறுவனம் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. 2012 இல் வெளியான 'குளோபல் ஒஃபென்சிவ்' பதினொரு வருடங்கள் நிலைத்தது. 2023 செப்டெம்பரில் அதன் இடத்துக்கு 'கவுண்டர் ஸ்ட்ரைக் 2' வந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வெள்ளவத்தை இணைய நிலையங்களில் பாடசாலைச் சீருடையோடு பையன்கள் வரிசையாக அமர்ந்து கத்திக்கொண்டிருந்தது இந்த விளையாட்டின் முன்னைய வடிவத்தை விளையாடித்தான். குண்டு வைப்பது ஒரு தரப்பு, அதைச் செயலிழக்கச் செய்வது மறு தரப்பு. இதே சொற்களைச் செய்தியாக எழுதியே காலத்தைக் கழித்த என் போன்றோருக்கு, விளையாட்டு என்ற சொல் தொண்டையில் சற்றுச் சிக்கத்தான் செய்கிறது. மருமகனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 2009 இல் அவன் மூன்று வயதுப் பிள்ளை.

ஆட்டத்தின் விதிகள் இரக்கமற்றவை. ஐவருக்கு எதிராக ஐவர். ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 55 செக்கன். முதலில் 13 சுற்றுக்களை வெல்லும் அணிக்கு வெற்றி. இறந்தவர் அடுத்த சுற்று தொடங்கும்வரை பார்வையாளர். ஏகே-47 துப்பாக்கியின் ஒரு குண்டு தலையில் பட்டால் தலைக்கவசம் இருந்தாலும் மரணம். கண் கண்டதற்குக் கை அசைய மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லி செக்கன் ஆகும். இருவரும் ஒருவரையொருவர் ஒரே நேரத்தில் கண்டால், யாருடைய கருவி 20 மில்லி செக்கன் முந்திக் காட்டுகிறதோ அவர் பக்கம் தராசு சாய்கிறது.

சாதனத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022 பெப்ரவரியில் வால்வ் நிறுவனம் அதை வெளியிட்டது. 2023 நவம்பரில் வந்த ஓலெட் வடிவத்தைத்தான் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பெறாமகன் கொண்டுவந்திருந்தான். 7.4 அங்குலத் திரை. 1280 × 800 புள்ளிகள். செக்கனுக்கு 90 தடவை படம் மாறும். எடை 640 கிராம். உள்ளே லினக்ஸ் இயங்குதளம். விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுக்களை 'புரோட்டன்' என்ற இடைமென்பொருள் மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக்குக்கு லினக்ஸ் வடிவம் நேரடியாகவே இருப்பதால் அந்த மொழிபெயர்ப்பும் தேவையில்லை. ஏஎம்டி தயாரித்த அதன் மையச் சில்லு அதிகபட்சம் 15 வாட் மின்சாரத்தில் இவ்வளவையும் செய்கிறது. மருமகனுடைய மேசைக்கணனியின் வரைகலை அட்டை மட்டுமே அதைப்போலப் பத்து மடங்கு குடிக்கும். இந்த 15 வாட்டை மறந்துவிட்டு மற்ற எதைப் பேசினாலும் அது வீண் பேச்சு.

"எத்தினை பிரேம் வருதெண்டு பாருங்கோ பெரியப்பா" என்று பெறாமகன் திரையின் மூலையில் ஓடிய எண்ணைக் காட்டினான். ஒரு செக்கனில் சாதனம் வரையும் படங்களின் எண்ணிக்கை அது. காட்சி அலங்காரங்கள் எல்லாம் குறைந்த அளவில். ஆளில்லாத 'டஸ்ட் 2' மைதானத்தில் தனியே ஓடியபோது எண் 90 ஐத் தாண்டி நின்றது. மருமகனின் முகத்தில் வெளிச்சம். பத்துப் பேர் கூடிய உண்மையான ஆட்டத்தில் அது 60 களுக்கும் 70 களுக்கும் இடையில் ஆடியது. அதுவும் மோசமில்லை என்றே இருவரும் சொன்னார்கள்.

நான் கவனித்தது வேறு. இந்தப் புதிய வடிவத்தில் புகைக்குண்டின் புகை ஒரு தட்டையான படமல்ல. இடத்தை நிரப்பும் முப்பரிமாணப் பொருள். குண்டு துளைத்தால் துவாரம் விழும், கைக்குண்டு வெடித்தால் கணநேரம் கலைந்து திரும்ப மூடும். பார்க்க அழகு. கணக்குப் போடும் சில்லுக்கோ பெரும் பாரம். இரண்டு புகைகள் எழுந்து, நான்கு பேர் ஒரே மூலையில் மோதிக்கொண்ட தருணங்களில் எண் 40 களுக்கு இறங்கியது. இறங்கி ஒரு செக்கன், ஒன்றரைச் செக்கன். பிறகு பழையபடி ஏறிவிடும். சுற்று முழுவதையும் தீர்மானிப்பது அந்த ஒரு செக்கன்தான்.

சராசரி இதைக் காட்டாது. ஒன்பது செக்கன் 80 படங்கள் வீதமும் ஒரு செக்கன் 40 படங்கள் வீதமும் ஓடினால் பத்துச் செக்கனின் சராசரி 76. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அந்த ஒரு செக்கனில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலான நேரம் 12.5 மில்லி செக்கனிலிருந்து 25 ஆக இரட்டித்துவிட்டது. எதிரே 240 தடவை மாறும் திரையோடு இருப்பவருக்கு அது 4.2. வருடாந்த மழைவீழ்ச்சியின் சராசரியை வைத்து வெள்ளச் செய்தி எழுதச் சொன்ன ஆசிரியர் ஒருவரின் கீழ் நான் வேலை பார்த்திருக்கிறேன். அதனால்தான் சராசரி என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

அடுத்தது கை. இந்த விளையாட்டில் குறி வைப்பது மௌஸினால். தேர்ந்த ஆட்டக்காரர்கள் அகன்ற விரிப்பின் மேல் முழங்கையோடு கையை நகர்த்திக் குறி வைப்பார்கள். சாதனத்தில் இருப்பவை இரண்டு கட்டைவிரல் குச்சிகளும் இரண்டு சிறு தொடுதட்டுக்களும். சாதனத்தையே சற்றுச் சரித்துக் குறியைத் திருத்தும் அசைவுணரியும் உண்டு. பெறாமகன் அதைக் கையாண்ட விதம் பார்க்கச் சுவையாக இருந்தது, தொட்டிலாட்டும் தாயைப்போல. வேறு சில சுடும் விளையாட்டுக்களில் குச்சி பிடிப்பவருக்குக் குறியை மெல்ல இழுத்துக் கொடுக்கும் உதவி இருக்கிறது. இங்கே அந்தச் சலுகை கிடையாது. ஓடிக்கொண்டு சுட்டால் குண்டு சிதறும். எதிர்த்திசை விசையைத் தட்டி உடலை நிறுத்திய கணத்தில் சுட வேண்டும். விசைப்பலகையில் அது ஒரு தட்டல். குச்சியில் விரல் நடுவைக் கடந்து மறுபக்கம் போயாக வேண்டும். மருமகன் பத்து நாள் முயன்றான். அவனோடு சமமாக ஆடுபவர்களிடம் இலகுவாகத் தோற்றான்.

மௌஸும் விசைப்பலகையும் வெளித்திரையும் பூட்டி ஆடலாமே என்று கேட்கலாம். பூட்டலாம். பூட்டிப் பார்த்தபோது அவனுடைய குறி திரும்ப வந்தது. புகைக்குள் எண் இறங்குவது நிற்கவில்லை. சில்லு அதே சில்லுதானே. தவிர, மேசையும் திரையும் தேவையென்றால் கைச்சாதனம் எதற்கு? மின்கலம் 50 வாட் மணித்தியாலம். முழுப் பாரத்தில் இரண்டு மணித்தியாலத்தைச் சுற்றித்தான் தாங்கும்.

வலையமைப்பின் தாமதத்தையும் இதன்மேல் கூட்ட வேண்டும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். நேர்கோட்டில் போய்த் திரும்பவே 27 மில்லி செக்கன்; கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை. மலேசியாவுக்குப் போனபின் இந்தச் சுமை அவனுக்குக் குறையும். அது ஒன்றே சாதனத்துக்குச் சாதகமாக நான் எழுதி வைத்த குறிப்பு.

இவையெல்லாவற்றையும் பழக்கத்தால் வெல்வேன் என்று அவன் சொல்லியிருக்கக்கூடும். சொல்லவில்லை, காரணம் எந்தப் பழக்கமும் திறக்க முடியாத ஒரு கதவு. அவனுடைய அணி ஆடுவது 'பேஸ்இட்' என்ற போட்டித்தளத்தில். அங்கு நுழைய, மோசடி தடுக்கும் அவர்களது மென்பொருளைக் கணனியின் ஆழத்தில் நிறுவ வேண்டும். அதற்கு விண்டோஸ் வேண்டும். ஸ்டீம் டெக்கோடு வரும் லினக்ஸில் அது ஓடாது. 'வலோரன்ட்' விளையாட்டின் 'வான்கார்ட்' காவலனும் அப்படியே. 'ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்' முன்பு இந்தச் சாதனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஒக்டோபர் இறுதியில் மோசடிக்காரர்களைக் காரணம் காட்டி லினக்ஸுக்கு வாசலை மூடிவிட்டார்கள். நேர்மையாக ஆடுபவனும் அதே வாசலில்தான் நிற்கிறான். காவலர்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது, ஆனால் சாதனத்தைக் காசு கொடுத்து வாங்கியவனுக்கு அந்த நியாயத்தால் என்ன பயன்?

பெறாமகன் இந்தச் சாதனத்தை மனதார விரும்புகிறான். ரொறன்ரோ ரயிலில் வேலைக்குப் போகும்போது கதை விளையாட்டுக்களை ஆடுகிறான். அவனுக்கு இது தகும். கவுண்டர் ஸ்ட்ரைக்கையும் நண்பர்களோடு சிரித்துக்கொண்டு, தோல்வியைப் பொருட்படுத்தாமல் ஆடுகிறான். கடைசி இரண்டு இரவும் என் மருமகனும் அவனும் சாதனத்தை மாற்றி மாற்றி அப்படித்தான் ஆடினார்கள். அத்தனை நாளில் மருமகன் வாய்விட்டுச் சிரித்ததை அந்த இரண்டு இரவிலும்தான் கேட்டேன்.

மேசைக்கணனி போன கிழமை விலைப்பட்டது. அந்தப் பணத்தோடு என் பங்கையும் சேர்த்து, பாவித்த மடிக்கணனி ஒன்று வாங்கியிருக்கிறோம், விண்டோஸோடு. மின்னிணைப்பியோடு சேர்த்து மூன்று கிலோவுக்கு மேல். விமானப் பொதியில் எதை எடுத்துவிடுவது என்று தங்கை இப்போது கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊறுகாய்ப் போத்தல்கள் இரண்டு ஏற்கெனவே வெளியே வந்துவிட்டன.