மறந்துபோன முள்

பாலவனத்தத்துக் கரிசற்காட்டில் முள் தைக்காத கால் கிடையாது. வேலி அடைக்கும்போதும், ஆட்டுக்குக் குழை ஒடிக்கும்போதும், சீமைக் கருவேலை வெட்டும்போதும் முள் தைக்கும். பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்வோம். பொழுது சாய்வதற்குள் மறந்துபோவோம். அவ்வாறு மறந்த ஒரு முள்தான், 1978-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் என் தந்தையாரை மரணத்தின் வாசல்வரை அழைத்துச் சென்றது.

ஒரு நாள் காலை கஞ்சி குடிக்க அமர்ந்தவர், வாயை நன்றாகத் திறக்க இயலவில்லை என்றார். பல்வலி என்று எண்ணிக் கிராம்பு கொடுத்தோம். மறுநாள் கழுத்து விறைத்தது. சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்தோம். அன்று மாலை அவர் முகத்தில், சிரிப்பைப் போன்றதும் சிரிப்பல்லாததுமான ஓர் இளிப்பு நிலைத்து நின்றது. வயிறு பலகைபோல் இறுகியது. காற்றுக் கருப்பு என்று அண்டை வீட்டார் முணுமுணுத்தனர். நினைவோ சிறிதும் தவறவில்லை. நாங்கள் பேசியதை எல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாட்டு வண்டியிலும் பின்னர்ப் பேருந்திலுமாக அருப்புக்கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி எங்களை வியப்பில் ஆழ்த்தியது.

"ஐயாவுக்குச் சமீபத்தில் எங்காவது காயம் பட்டதா?"

இல்லை என்றோம். அவர் விடவில்லை, பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். குதிகாலில் ஏறக்குறைய ஆறிவிட்ட ஒரு கரும்புள்ளி இருந்தது. "பத்து நாளைக்கு முன்னே ஒரு முள்ளுத் தைச்சதுங்க" என்றார் என் தாயார்.

தட்டையான மரக்குச்சி ஒன்றால் தந்தையாரின் தொண்டையின் பின்புறத்தை மருத்துவர் மெல்லத் தொட்டார். நம் தொண்டையைத் தொட்டால் ஓங்கரித்துக் குச்சியை வெளியே தள்ளுவோம். தந்தையாரின் தாடையோ குச்சியை இறுகக் கடித்துக்கொண்டது. "ரண ஜன்னி" என்றார் மருத்துவர். இரத்தப் பரிசோதனை இல்லை, எந்திரம் இல்லை. இன்றும் டெட்டனஸ் என்னும் இந்நோயைக் கண்ணாலும் கையாலும் கேள்வியாலுமே அறிகின்றனர். அந்தக் குச்சிப் பரிசோதனையை 400 நோயாளிகளிடம் செய்து பார்த்த மும்பை மருத்துவர்கள், ரண ஜன்னி கண்டவர்களில் நூற்றுக்கு 94 பேரை அது காட்டிக்கொடுத்தது என 1995-இல் எழுதினர்.

மண்ணிலும் சாணத்திலும் இக்கிருமியின் வித்துகள் உறங்குகின்றன. காற்றுப் புகாத ஆழமான காயத்தில் அவை விழித்து, நஞ்சை உண்டாக்குகின்றன. அந்நஞ்சு நரம்பின் வழியே தண்டுவடத்தை அடைந்து, தசைகளைத் தளரச் செய்யும் கட்டளையைத் தடுத்துவிடுகிறது. நரம்பில் ஒட்டிக்கொண்ட நஞ்சை எந்த மருந்தாலும் பிரிக்க இயலாது. இன்னும் ஒட்டாததையே மாற்று மருந்து முறிக்கும். ஆகவேதான் ஒவ்வொரு மணி நேரமும் அரியது.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில், ஒளியும் ஓசையும் இசிவைத் தூண்டும் என்பதால், இருண்ட அறையில் தந்தையார் மூன்று வாரங்கள் கிடந்தார், பிழைத்தார். ஒருமுறை வந்து நீங்கினாலும் இந்நோய் மீண்டும் வரக்கூடும் என்பதால், தடுப்பூசியும் போட்டே அனுப்பினர்.

அந்த அறையின் வெளியே ஒரு நாள், செவிலியிடம் என் தாயார் தாழ்ந்த குரலில் கேட்டார்: "பச்சைப் பிள்ளைக்கும் இது வருமா தாயி?"

"வரும் அம்மா. இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை, அதற்குப் பின் சப்ப முடியாமல் விறைத்துப்போனால், பெரும்பாலும் இதுதான். தொப்புள்கொடியை அறுக்கும் கருவியிலும், மேலே வைக்கும் சாம்பலிலும் கிருமி வந்துவிடும்."

தாயார் சுவரில் சாய்ந்து அமர்ந்துவிட்டார். 1959-இல் பிறந்த அவருடைய தலைப்பிள்ளை ஏழாம் நாளில் அவ்வாறே விறைத்து இறந்தது. கொடியை அரிவாளால் அறுத்துச் சாணச் சாம்பல் வைத்திருந்தனர். தாய்ப்பால் ஆகவில்லை என்று ஊரார் சொன்னதை நம்பி, பத்தொன்பது ஆண்டுகள் தம்மையே அவர் பழித்து வந்தார். நோயின் பெயர் தெரிந்த அன்றுதான் அந்தப் பழி அவரை விட்டு இறங்கியது.

பிரசவத்தோடு வரும் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதே அதன் பொருள். கிருமி நம் மண்ணை விட்டுப் போய்விடவில்லை. ஆகவே, முள் தைத்தால் சோப்பிட்டுக் கழுவுங்கள். தடுப்பூசி போட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். வாய் திறக்க மறுத்தால் கிராம்பு தேடிப் பொழுதைக் கழிக்காதீர்கள்.

என் தாயார் கண்மூடும்வரை, தெருவில் கருவுற்ற பெண் எவரைக் கண்டாலும் நலம் விசாரிக்கும் முன்னே ஒன்று கேட்பார்: "ஊசி போட்டாச்சா தாயி?"