“போட்டோ எடுக்கலாமா?” – ஜப்பானிய பாஷையில்!

வண்டலூரில் பஸ் ஏறிப் படப்பையைத் தாண்டி, வாலாஜாபாத் சாலையில் போய்க் கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். வழியில் ஒரகடம் வருகிறது. ஏரியும் வயலுமாகக் கிடந்த பூமியில் இப்போது மதில் சுவர்களும் ஆலைக் கூரைகளும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. 2010 மார்ச்சில் இங்கே ரெனோ-நிஸ்ஸான் கார் ஆலை திறக்கப்பட்டது. 2025-ல் நிஸ்ஸான் தன் பங்கை ரெனோவுக்கு விற்றுவிட்டது என்றாலும், ஜப்பான்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. மண் அள்ளும் எந்திரம் செய்யும் கோமாட்சு இங்கே இருக்கிறது. பக்கத்து வல்லம் வடகாலில் யமஹா மோட்டார் சைக்கிள் ஆலை இருக்கிறது.

இன்னும் அரைமணிப் பயணத்தில் வாலாஜாபாத். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைச் சுமந்து நிற்கும் ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு காலத்தில் இங்கே பட்டாளம் வைத்திருந்தார்கள். இன்று பாலாறு, பாலம், ரயில் நிலையம், கடைத்தெரு என்று அடக்கமாக இருக்கிறது. காஞ்சிபுரம் கோவில்களைப் பார்க்க இந்த வழியாகப் போகிற ஜப்பானியக் குடும்பம் ஒன்று, இளநீர்க் கடையில் காரை நிறுத்தியிருக்கிறது. அந்த அம்மாள் கையில் ஒரு குழந்தை. கத்தரித்த முன்மயிரும் உருண்டைக் கன்னமுமாக, பொம்மை போல. உடனே உங்கள் கை எங்கே போகும்? கைப்பையில் இருக்கும் கைப்பேசிக்குத்தானே?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் இதைச் சொல்லிப் பாருங்கள்:

“ஷஷின் ஓ தொத்தே மோ ஈ தெஸ் கா?”

“படம் எடுக்கலாமா?” என்பதுதான் பொருள். பயப்பட வேண்டாம், நமக்கு இது இங்கிலீஷை விடச் சுலபம். ‘ஷஷின்’ என்றால் போட்டோ. அதை எழுதும் இரண்டு எழுத்துக்களுக்கும் ‘மெய்யைப் பிரதி எடுப்பது’ என்று அர்த்தம், அழகாக இல்லை? ‘ஓ’ என்பது நம்முடைய ‘ஐ’ வேற்றுமை. ‘தொத்தே’ என்றால் எடுத்து. ‘மோ’ நம் ‘உம்’. ‘ஈ’ என்றால் நல்லது. ‘தெஸ்’ மரியாதைக்கு. கடைசியில் வரும் ‘கா’ நம் கேள்வி ‘ஆ’. கூட்டிப் பார்த்தால், “படத்தை எடுத்தாலும் நல்லதா?” வார்த்தைக்கு வார்த்தை நம் வரிசைதான்! சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானியப் பண்டிதர் இத்தகைய ஒற்றுமைகளை வைத்துத் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று புத்தகங்களே எழுதினார். மொழியறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உறவு இல்லாவிட்டால் போகட்டும், வாக்கியம் நாக்கில் ஒட்டிக்கொள்கிறதே, நமக்கு அது போதும்.

“எங்களைச் சேர்த்து ஒரு படம் எடுத்துக் கொடுங்கள்” என்று கேட்க வேண்டுமானால், “ஷஷின் ஓ தொத்தே குதசாய்.” ‘குதசாய்’ என்றால் கொடுங்கள். இதிலும் ‘எடுத்து’, ‘கொடுங்கள்’ என்று நம் கட்டுமானமே. இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். அந்த அம்மாள் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உங்களைப் படம் எடுக்கத் தயாராகிவிடுவாள்!

பதில்தான் முக்கியம். “ஹை, தோஸோ” என்றால் தாராளமாக எடுக்கலாம். “ச்சொத்தோ...” என்று இழுத்துவிட்டுத் தலையைச் சாய்த்தால்? அகராதியில் அந்தச் சொல்லுக்குக் ‘கொஞ்சம்’ என்றுதான் இருக்கும். கொஞ்சநேரம் காத்திருக்கச் சொல்கிறாள் என்று நின்றுவிடக் கூடாது. முகத்தில் அடித்தாற்போல் ‘முடியாது’ என்பது அவர்கள் வழக்கமில்லை. அந்த இழுப்பே மறுப்பு. சம்பந்தி வீட்டார் “பார்க்கலாம்...” என்று இழுத்தால் நமக்குப் புரிவதில்லையா? “சுமிமாசென்” என்று மன்னிப்புச் சொல்லிவிட்டு, கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். கியோத்தோ நகரில் கியோன் என்ற பழைய பேட்டை. நாட்டியம் பயிலும் ‘மைக்கோ’ பெண்கள் மாலையில் கிமோனோ உடுத்தி வேலைக்குப் போகும் சந்துகள் அங்கே உண்டு. வெளியூர்க்காரர்கள் காமிராவோடு அவர்களை வழிமறிப்பதும் துரத்துவதும் தாங்க முடியாமல், 2019-ல் அந்தப் பேட்டையார் தனியார் சந்துகளில் படம் எடுக்கத் தடை போட்டு, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்தார்கள். ஜப்பானில் விற்கும் கைப்பேசிகள் படம் எடுக்கும்போது ‘க்ளிக்’ என்று சத்தம் போடுவதும் இதைப் போன்ற ஒரு காரணத்துக்காகத்தான். திருட்டுத்தனமாகப் பெண்களைப் படம் பிடிப்பதைத் தடுக்கக் கம்பெனிகள் தாமாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது, சட்டம் அல்ல.

இதையே நம் வாசலில் வைத்துப் பாருங்கள், சகோதரிகளே. விடியற்காலை, எண்ணெய் வழியும் முகம், வாரிச் சுருட்டிய கொண்டை. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு கோலம் போடுகிறீர்கள். நிமிர்ந்தால் எதிரே ஒரு நீண்ட லென்ஸ்! கோலத்தை எடுத்தானோ, நம்மை எடுத்தானோ, அது எந்த நாட்டில் எந்தச் சுவரில் தொங்குமோ? தறியில் உட்கார்ந்திருக்கும் காஞ்சிபுரத்துப் பெண்ணையும் நாற்று நடுகிறவளையும் வருகிறவர்களில் எத்தனை பேர் கேட்டுவிட்டு எடுக்கிறார்கள்? வெளிநாட்டாரை விடுங்கள், பட்டணத்திலிருந்து போகும் நாமே கேட்கிறோமா? “அம்மா, படம் எடுத்துக்கட்டுமா?” என்பதற்கு அகராதி கூட வேண்டாமே! அவள் “இருங்க, முகத்தைத் துடைச்சிக்கறேன்” என்று சொல்ல அந்த அரை நிமிஷம் வேண்டும்.

ஆலைகளுக்குள் இந்தப் பேச்சே எழாது. வாசலிலேயே கைப்பேசியின் காமிராக் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது பல ஆலைகளில் வழக்கம். கோவில்களிலும் அப்படியே. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோவில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொன்னது. நம் ஜப்பானியத் தோழி காஞ்சியில் குழம்பி நின்றால் ஜாடையால் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் பார்க்கிறவர்களெல்லாம் ஜப்பானியர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை 1998 முதல் கார் தயாரிக்கிறது. அதைச் சுற்றிக் கொரியாக்காரர்கள் ஏராளம். அவர்களிடம் போய் ‘ஷஷின்’ என்றால் விழிப்பார்கள். முறையாகக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்துவிட்டதா? சென்னையில் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையத்தில் ஜப்பானிய வகுப்புகள் நடக்கின்றன.

சரி, அந்த அம்மாள் “தோஸோ” என்று சொல்லிவிட்டாள். குழந்தைதான் உம்மென்று இருக்கிறது. அதற்கும் அவர்களிடம் ஒரு வழி உண்டு. படம் எடுப்பவர், “இச்சி தஸ் இச்சி வா?” என்று கேட்பார். ஒன்றும் ஒன்றும் எத்தனை? இரண்டு என்பதற்கு ஜப்பானியத்தில் ‘நி’. குழந்தைகள் “நீ...!” என்று நீட்டிக் கத்தும்போது உதடு தானாக விரிந்து பல் தெரியும். அந்தச் சமயம் பார்த்துத் தட்ட வேண்டியதுதான். இளநீர்க் கடைக்காரரின் பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். யாரைப் பார்த்து ‘நீ’ என்கிறோம் என்று புரியாமல் அவர்கள் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள்.