பகிர்வதும் சாட்சியே



இந்த வாரச் சிந்தனையை ஓர் அறிக்கையிடுதலோடு தொடங்குகிறேன். 2018-ஆம் ஆண்டின் கோடையில், பிள்ளை பிடிக்கும் கும்பல் ஒன்று ஊர் ஊராகத் திரிவதாக என் கைபேசிக்கு ஒரு குரல்பதிவு வந்தது. பேசியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆயினும் சபையில் சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளை எண்ணி, அதை அப்படியே எங்கள் ஜெபக்குழுவுக்கு அனுப்பினேன். "எச்சரிக்கையாயிருங்கள், ஜெபியுங்கள்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். நல்ல மேய்ப்பனின் கடமையைச் செய்துவிட்டதாக எண்ணி அன்றிரவு உறங்கினேன்.

அந்த மே மாதத்தில்தான் திருவண்ணாமலை மாவட்டத்தில், உறவினரோடு கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் வழியில் சிறுவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஐயுற்ற கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. நான் அனுப்பியது அந்த ஊரை எட்டியிராது. எட்டவில்லை என்பதால் நான் குற்றமற்றவன் ஆகிவிடுவேனா?

பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளையை ஆண்டுதோறும் திடப்படுத்தல் வகுப்பில் கற்பிக்கிறவன் நான். நீதிமன்றக் கூண்டில் ஏறிப் பொய் சொல்வதையே அக்கட்டளை தடுக்கிறது என்பது போலக் கற்பித்திருக்கிறேன். காணாததைக் கண்டதுபோல் பிறருக்கு உரைப்பதும் சாட்சிதான் என்பது, என் விரல் செய்த பிழைக்குப் பிறகே எனக்கு விளங்கிற்று. அந்தக் குரல்பதிவை முகமறியாத ஒருவர் அனுப்பியிருந்தால் பலர் ஐயுற்றிருப்பர். போதகர் அனுப்பியதால் நம்பினார்கள். பொய்க்கு நான் என் பெயரைக் கடனாகக் கொடுத்தேன்.

பிழை என்னுடையது. ஆயினும் அந்தப் பிழையை எளிதாக்கிய கருவியையும் நாம் ஆராய வேண்டும். பெரும் சமூக ஊடகங்கள் பலவற்றுக்கு விளம்பரமே வருவாய். நாம் திரையின்முன் தங்கும் நேரமே அங்கே விற்பனைச் சரக்கு. ஆகவே நின்று யோசிப்பதற்கான இடங்கள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. இழுக்க இழுக்க முடிவின்றி நீளும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் என்பவரே பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். அச்சமும் சினமும் நம்மைத் திரையோடு கட்டிவைக்கின்றன. நிதானம் அங்கே விலைபோவதில்லை.

வடிவத்தை மாற்றினால் நடத்தையும் மாறும் என்பதற்குச் சான்று உண்டு. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று வாட்ஸ்அப் 2020 ஏப்ரலில் வரையறுத்தது. அதன்பின் அத்தகைய செய்திகளின் பகிர்வு 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. மனிதர் ஒரே மாதத்தில் மனந்திரும்பிவிடவில்லை. வாசலில் ஒரு சிறு படி வைக்கப்பட்டது, அவ்வளவே.

அப்படியானால் அந்தப் படியை எங்கே வைப்பது என்பதை நாமே தீர்மானிக்க முடியாதா? முடியும். நம் முன்னோரின் ஏரிகளை நினைத்துப்பாருங்கள். கரையையும் மதகையும் ஊராரே செப்பனிட்டனர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஓர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலிங்கு வழியே அடுத்த ஏரிக்குச் சென்றது. ஒவ்வொன்றும் தனித்தனி ஊருக்கு உரியது, ஆயினும் எல்லாம் இணைந்தவை. ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்கன் ரோச்கோ 2016-இல் தொடங்கிய மாஸ்டடான் என்னும் வலையமைப்பு ஏறத்தாழ இப்படிப்பட்டதே. ஒரு சிறு குழுவும் தனக்கென ஒரு வழங்கியை நிறுவலாம், தன் ஒழுங்குகளைத் தானே வகுக்கலாம், பிற வழங்கிகளில் உள்ளவரோடும் உரையாடலாம். விளம்பரம் இல்லை. நாம் பின்தொடர்வோரின் பதிவுகள் கால வரிசைப்படியே வருகின்றன. இவ்வகை வழங்கிகள் தம்முள் பேசிக்கொள்ளும் பொதுமுறை 2018-இல் உலகளாவிய இணையத் தரமாக ஏற்கப்பட்டது.

எங்கள் சபை இளைஞர் சிலர் சென்ற ஆண்டு இப்படி ஒன்றை நிறுவினார்கள். மாதச் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வந்து சேர்ந்தவர் இருபத்துமூன்று பேர் மட்டுமே. முதியோர் பலர் இன்னும் பழைய குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட மனமில்லாததால் நானும் அங்கே இருக்கிறேன். புதிய இடத்திலும் இரண்டாம் வாரமே ஒரு சண்டை எழுந்தது. இடம் மாறினால் இருதயம் மாறிவிடுவதில்லை.

ஆயினும் ஒன்றைக் கண்டேன். மூத்த சகோதரர் ஒருவர் அங்கே ஒரு வதந்தியைப் பதிவிட்டார். கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருத்தி, "அண்ணா, இதை நீங்கள் நேரில் பார்த்தீர்களா?" என்று கேட்டாள். அவர் சற்று நேரம் கழித்து, "இல்லையம்மா, எடுத்துவிடுகிறேன்" என்று எழுதினார். அவ்வளவுதான் நடந்தது. 2018-இல் என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. போதகரிடம் கேட்கலாம் என்ற துணிவை நான் அவர்களுக்குக் கொடுத்திருக்கவுமில்லை.

பிரியமானவர்களே, நீங்கள் எந்த வலையில் இருக்கிறீர்கள் என்பதைவிட, அங்கே உங்களை நிறுத்திக் கேள்வி கேட்க ஒருவராவது இருக்கிறாரா என்பதே பெரிது. இல்லையெனில், நான்கு பேர் கூடியாவது அப்படி ஓர் இடத்தை உண்டாக்குங்கள். இந்த வாரம் எதையேனும் பிறருக்கு அனுப்புமுன், "இதற்கு நான் சாட்சியா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் அனுப்பும் செய்தியிலும் ஐயம் தோன்றினால், தயங்காமல் என்னையும் கேளுங்கள்.

கர்த்தர் நம் நாவையும் நம் விரல்களையும் காப்பாராக. ஆமென்.